ஏறும்போது காலி வண்டி

எங்கள் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ என்கிறார்களே, அதுதான்) யாரும் பழமாக நினைத்ததில்லை, அது நிழல் மரம், அவ்வளவுதான். பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பித் தோட்டம். அராபிக்கா காப்பிக்கு நேர்வெயில் ஆகாது என்பதால் மேலே சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் கலந்து நிற்கும், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஆடி, ஆவணியில் பட்டர் ஃப்ரூட் பொத்துப் பொத்தென்று விழும். விழுகிற காய் காப்பிக் கிளையை ஒடிக்கும், களை எடுக்கப் போகிற ஆள் மிதித்து வழுக்குவார், ராத்திரி பன்றி வந்து மண்ணைக் கிளறிவிட்டுப் போகும். அந்த மரத்தைப் பற்றித் தோட்டக்காரர்களிடம் கேட்டால் இந்தப் புகார்கள்தான் வரும். வீட்டுப் பிள்ளைகள் சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிடும், அதோடு சரி.

நான் இந்தத் தோட்டங்களிலிருந்து வத்தலக்குண்டுக்கும், சில சமயம் ஒட்டன்சத்திரத்துக்கும் லோடு இறக்குகிற பிக்கப் வண்டிக்காரன். சொந்த நிலம் கிடையாது. (வீட்டம்மா வழியில் இருக்கிற தோட்டம் மச்சான் பெயரில் இருக்கிறது, அது வேறு கதை.) வண்டிக்காரனுக்கு ஒரு வசதி உண்டு, ஒரே சரக்கை இரண்டு முனையிலும் பார்க்கலாம். மேலே சவ்சவ் மூட்டையை ஏற்றும்போது தோட்டக்காரர் பேசுவதும், கீழே அதே மூட்டையை அவிழ்க்கும்போது கமிஷன் கடைக்காரர் பேசுவதும் காதில் விழும். இரண்டு பேரும் ஒரே காயைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும். "மனநிலையை மாற்றினால் வாய்ப்பு கண்ணுக்குத் தெரியும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், காலையில் வாட்ஸாப்பைத் திறந்தால் சூரிய உதயப் படத்தோடு இதுதான் முதலில் வருகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எந்தப் பாதி என்பதை என் வண்டியில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் கீழேயிருந்து ஒரு பழ வியாபாரி வந்தார். வந்தது ஆரஞ்சுக்காக. என் வண்டியில்தான் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். ஆரஞ்சு மரமெல்லாம் நோய் வந்து பட்டுப்போய்க் கொண்டிருந்த காலம், அவருக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. கடைசியாகப் போன தோட்டத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த மரத்துக் காய் யாருக்குப் போகுது?" என்று கேட்டார். தோட்டக்காரருக்கு முதலில் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. "எது, இதா? இது பன்னிக்குப் போகுது" என்று சிரித்தார். வியாபாரி சிரிக்கவில்லை. பெங்களூரில் ஜூஸ் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் அதைத் தேடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. மரத்துக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி அங்கேயே பணத்தை எடுத்து வைத்தார். தொல்லைக்கும் காசு தருகிறானே ஒருவன் என்று தோட்டக்காரருக்கு ஏக சந்தோஷம். அடுத்த வருடம் விலை தெரிந்த பிறகு அந்தச் சந்தோஷம் குறைந்துவிட்டது.

வியாபாரி கெட்டிக்காரர், தோட்டக்காரர் ஏமாளி என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அங்கே மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அந்தத் தோட்டத்தில் காப்பிப் பழம் எடுக்கிற ஓர் அக்கா. அவர் பல வருடமாகவே விழுந்த காய்களைப் பொறுக்கி, பழுக்க வைத்து, கூடையில் கொண்டுபோய் கொடைக்கானல் ரோட்டோரத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். எந்த மரத்துக் காய் வெண்ணெய் மாதிரி இருக்கும், எதில் நார் ஓடும், எது பழுத்தபின் இரண்டு நாள் தாங்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். வியாபாரி மரம் மரமாகக் கேட்டபோது பதில் சொன்னது அவர்தான், மரத்துக்குச் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய்ப்பை முதலில் பார்த்தவர் யார் என்று கேட்டால் நான் அந்த அக்காவைத்தான் சொல்வேன். அவரிடம் பார்வை இருந்தது, மரம் இல்லை. வாட்ஸாப் பொன்மொழியில் எனக்கு உடன்பாடில்லாத பாதி இதுதான்.

சரி, தோட்டக்காரருக்கு ஏன் தெரியவில்லை? அவர் சோம்பேறி இல்லை. நடந்துகொண்டே காப்பித் தண்டில் வரிவரியாகப் பட்டை தடித்திருப்பதைப் பார்த்து, உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மிளகு இலையின் நிறம் கொஞ்சம் மாறினால் போதும், வாடல் நோய் வருகிறது என்பார். அத்தனை கூர்மையான கண். அந்தக் கூர்மைதான் அவருக்கு எதிரி ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தை மாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஓர் ஆள் வந்து மார்பில் தட்டிக்காட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது கண்ணில் படவே இல்லை. எண்ணுகிற வேலை கண்ணை எடுத்துக்கொண்டுவிட்டது.

எண்ணத் தெரியாதவர்கள்தான் தவறவிடுவார்கள், நிபுணர்கள் தப்பிவிடுவார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படத்தில் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை வைத்திருந்தார்கள், அவர்கள் தேடுகிற கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் தேர்ந்த மருத்துவர்கள், தேடச் சொன்னதை ஒழுங்காகத் தேடியவர்கள். காப்பியைத் தேடுகிறவர் கண்ணில் காப்பிதான் படும், தலைக்கு மேலே என்ன காய்த்துத் தொங்கினாலும் அது நிழல்தான்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பணம். மனநிலை என்று தனியாக ஒன்று மனதுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் மனநிலை மாதத்தோடு மாறும். காப்பி கார்த்திகையில் பழுக்க ஆரம்பித்து தை வரை எடுப்பார்கள், அதற்குப் பின்னாலேயே மிளகு. மாசி, பங்குனியில் கையில் காசு புழங்கும். வைகாசி, ஆனியில் பள்ளிக்கூடச் செலவு, உரம், களை, கவாத்துக் கூலி. ஆவணி, புரட்டாசியில் கை வறண்டுவிடும். அந்த நேரத்தில்தான் கீழே இருந்து முன்பணக்காரர்கள் வருவார்கள், செடியில் பச்சையாக இருக்கும்போதே காப்பிக்கும் மிளகுக்கும் விலை பேசிவிட்டுப் போவார்கள். அதே மனிதர், அதே தோட்டம். பங்குனியில் ஒரு புது விஷயத்தைச் சொன்னால் "அது எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்" என்று கேட்பார். ஆவணியில் அதையே சொன்னால் "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுப்பா" என்பார். எத்தனையோ வீட்டில் இதைப் பார்த்துவிட்டேன், என் வீட்டையும் சேர்த்து. கூத்து என்னவென்றால் பட்டர் ஃப்ரூட் விழுவதும் கை வறண்ட அதே மாதங்களில்தான். காசு இல்லையே என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் தோட்டத்தில் பன்றி அதைத் தின்றுகொண்டிருந்தது.

இதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் 2013இல் சயின்ஸ் இதழில் எழுதியது. 464 கரும்பு விவசாயிகளுக்கு, கரும்பு வெட்டிப் பணம் வருவதற்கு முன்னால் ஒருமுறையும் வந்த பின்னால் ஒருமுறையும் யோசித்துப் பதில் சொல்கிற சோதனைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன்னால் கடனும் அடகுமாக இருந்த நேரத்தில் அதே ஆட்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது, பணம் வந்த பிறகு கூடியது. அறிவு கூடிவிடவில்லை, கவலை பிடித்து வைத்திருந்த இடம் காலியானது. கரும்புக்காரருக்கு உள்ளது காப்பிக்காரருக்கும் இருக்கத்தானே செய்யும்? அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் மாதத்தைத்தான் கேட்கிறேன். பெரிய முடிவு எதையும் ஆவணி, புரட்டாசியில் எடுக்காதீர்கள், கண்ணில் படுவதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மிளகுக் காசு வந்ததும் எடுத்துப் படியுங்கள் என்கிறேன். பங்குனியில் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து ஆவணிக்கென்று வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, முன்பணக்காரரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்கிற தைரியத்தை அதுதான் தரும். எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும்.

என் தொழிலுக்கு வருகிறேன். இறங்கும்போது லோடு, ஏறும்போது காலி. எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம், வாடகை பேசும்போதே காலியாக ஏறுகிற டீசலையும் சேர்த்துத்தான் பேசுவோம். இது குறை என்றே யாருக்கும் தோன்றியதில்லை. வத்தலக்குண்டில் ஒரு டீக்கடையில் வெளியூர் லாரிக்காரர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். "ரிட்டர்ன் லோடு அமையலை தம்பி, காலியா ஓட்டுறதுக்கு வண்டி எதுக்கு?" என்றார், ஏதோ ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் ஆட்களோடு மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி இன்னும் பத்து வருடத்துக்கும் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் எங்கள் ஆட்கள் எல்லோருமே காலியாகத்தான் ஏறுகிறார்கள். ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி இருந்தால் அது விதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு "லோடு இருக்கா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்களுக்கு மேலே என்ன வேணும், இப்போ அதை எப்படி வாங்குறீங்க" என்று வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தேன். பதில்கள் நான் எதிர்பார்த்தபடி இல்லை. சிமெண்ட், கம்பி என்று வரும் என்று நினைத்தேன். வந்தது மாட்டுத் தீவனம். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் ஊர்க் கடையில் ஒவ்வொரு மூட்டையாகக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள், சேர்த்து ஆர்டர் போட்டால் கீழ் விலைக்கே வண்டியில் வந்துவிடும். அப்புறம் பார்சல். ஆன்லைனில் வாங்குகிற பொருள் பலதும் மேலே வருவதில்லை, கீழே போய்த்தான் எடுத்துவர வேண்டும், அதற்காக ஒரு நாள் கூலியை விடுகிறவர்கள் இருந்தார்கள். இன்றைக்கும் எல்லா நடையும் நிறைந்து ஏறுகிறது என்று சொல்ல மாட்டேன், மழைக்காலத்தில் காலியாகத்தான் ஏறுகிறேன். ஆனால் டீசல் காசு பெரும்பாலும் வந்துவிடுகிறது.

கேள்வியை மாற்றுவது, உட்காருகிற இடத்தை மாற்றுவது, இந்த இரண்டையும்தான் நான் நம்புகிறேன், "நல்லதையே நினை" என்பதை அல்ல. அதனால்தான் தோட்டக்காரர்களிடம் ஒருமுறையாவது என் பக்கத்து சீட்டில் ஏறி மண்டிவரை வாருங்கள் என்று நச்சரிப்பேன். பெரும்பாலானவர்கள் வர மாட்டார்கள், "நீ போய்ட்டு வந்தா போதாதா" என்பார்கள். வந்த ஒரு பெரியப்பா, மிளகு வாங்குகிற கடையில் லிட்டர் எடை பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அங்கே பேச்சு, கனமான மிளகுக்கு ஒரு விலை, சொத்தைக்கு ஒரு விலை. இவர் அத்தனை வருடமும் நல்லதையும் சொத்தையையும் ஒன்றாகக் கலந்து ஒரே விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டும்வரை பேசவே இல்லை. அடுத்த மிளகுக்கு வீட்டில் தூற்றி, சலித்து, தனித்தனிச் சிப்பமாகக் கட்டி ஏற்றினார். ஒரு பயணத்தில் கிடைத்த விஷயம் இது.

இடம் மாற்றிப் பார்ப்பதற்கு எங்கள் மலையிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். சூரியனில் தெரியும் கருப்புப் புள்ளிகளைத் தொலைநோக்கியில் மனிதர்கள் முந்நூறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாயு சுழல்கிறது என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் எவர்ஷெட் 1909இல், ஒளியை நிறங்களாகப் பிரிக்கிற நிறமாலைக் கருவியில் ஒளி நுழையும் மெல்லிய பிளவைப் புள்ளியின் மேல் வெவ்வேறு திசையில் வைத்துப் பார்த்தபோது, வாயு சுழலவில்லை, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்தது. உலகம் முழுக்க இப்போதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். புள்ளி பழசு, கருவி வைத்த திசை புதுசு. டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டு வெளியே காத்திருந்த நாளில் உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்கு ஒரு வருத்தம்.

ஆனாலும் பார்வை மட்டும் இருந்தால் போதும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களுக்குத் தெரியாத மரம் உண்டா, தேன் உண்டா, கிழங்கு உண்டா? அவர்களைவிடக் கூர்மையாகக் காட்டைப் பார்க்கிறவர்கள் யார்? அதில் வருகிற காசு யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். கூடையில் பழம் விற்ற அக்காவை அந்த வியாபாரி காய் பறிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாகப் போட்டார், கூலி கூடியது, நல்லதுதான். மரமோ குத்தகைக்கு முன்பணமோ அவரிடம் இருந்திருந்தால் கதை வேறு. மனநிலை பற்றி அவருக்கு வகுப்பு எடுக்க ஒன்றும் இல்லை.

இப்போது ஊரே பட்டர் ஃப்ரூட் பைத்தியம் பிடித்து அலைகிறது, இது மறுபக்கம். முன்பு மரமே தெரியவில்லை, இப்போது மரத்தைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை. காப்பியைப் பிடுங்கிவிட்டுக் கன்று வைத்தவர்கள் உண்டு. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் உலகச் சந்தையில் அராபிக்கா விலை இதுவரை காணாத உயரத்துக்கு ஏறியபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் தாய்மரத்துக் காய் அப்படியே வரும் என்று உறுதி கிடையாது, காய்க்கவும் பல வருடம் ஆகும், ஒட்டுக்கன்றுதான் சீக்கிரம் பலன் தரும். பட்டர் ஃப்ரூட் பூ ஒரு விசித்திரம், முதல் தடவை விரியும்போது பெண், மூடிக்கொண்டு மறுபடி விரியும்போது ஆண். காலையில் பெண்ணாக விரிகிற வகையும் பிற்பகலில் பெண்ணாக விரிகிற வகையும் அருகருகே நின்றால்தான் காய் நன்றாகப் பிடிக்கும், ஒரே வகையை வரிசையாக நட்டுவிட்டு ஏன் காய்க்கவில்லை என்று கேட்பதில் பலன் இல்லை. காய் மரத்திலேயே பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும், அதனால் கொஞ்சம் காம்போடு பறித்து, அடிபடாமல் கிரேட்டில் அடுக்க வேண்டும். சாக்கில் கட்டி என் வண்டியில் எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கீழே போய்ச் சேரும்போது பாதி கறுத்திருக்கும், அப்புறம் விலை இல்லை என்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வடிகால். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரம் நின்ற இடத்திலேயே பட்டுவிடும். என் மச்சான் கன்று வைக்கத் தேர்ந்தெடுத்திருப்பது ஓடையோரப் பள்ளத்தை. "அங்கதான் காப்பி சரியா வரலை, அதனால அங்க வைப்போம்" என்கிறார். காப்பி ஏன் அங்கே வரவில்லை என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இந்த யோசனைக்கு வந்தது புரட்டாசியில், முன்பணக்காரர் வந்துபோன மறுநாள். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பட்டர் ஃப்ரூட்டில் டி.கே.டி.1 என்று ஒரு ரகமே அங்கேயிருந்து வந்திருக்கிறது, மிளகுக் காசு கைக்கு வந்ததும் இரண்டு பேரும் போய்ப் பள்ளத்து மண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். வண்டி வாடகை கேட்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன், திரும்பும்போது கன்றோ தீவனமோ ஏதாவது ஏற்றிக்கொள்ளலாம்.